முன்மாதிரிப் பெறுநரின் மீட்பு

இல்லாத ஒரு செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப அனுமதி வேண்டும் என்று எலாடியோ பெனேகாஸ் சொன்னபோது, செய்தித் தூய்மைக்கான தேசிய இயக்ககத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இருக்கற போன்னா மூணாவது மாடி. இல்லாத போன்னா தரைத்தளம், கடைசி ஹால்," என்றாள்.

நிரல் எழுதிப் பிழைக்கும் எலாடியோவுக்கு எமுலேட்டர் அன்றாடப் பொருள். கணினித் திரையில் ஒரு செல்போன் தெரியும். அது மணியடிக்கும், செய்தி வாங்கும், ஆனால் கையில் எடுக்க முடியாது. வெளியே ஓடும் வேறொரு நிரலை அதனோடு இணைத்துவிட்டால், அந்த நிரல் அனுப்பும் குறுஞ்செய்தி நிஜ போனில் விழுவதைப் போலவே அதில் விழும். யாரையும் தொந்தரவு செய்யாமல் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம். எலாடியோ தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்த இணைப்பைக் கொடுத்து முடித்தபோது, அடுப்பில் வைத்த மரவள்ளிக்கிழங்கு இன்னும் வெந்திருக்கவில்லை.

அவன் எழுதிய நிரலின் பெயர் தெத்தேயு. ஆற்றங்கரையில் அந்நியர் காலடி பட்டால் கத்தித் தீர்க்கும் பறவையின் பெயர் அது. பன்யாதோவின் மரப்பாலத்துக்கு அடியில் அவன் பொருத்திய உணரி ஆற்றின் மட்டத்தைச் சொல்லும்; மட்டம் ஏறினால் நிரல் வீட்டுக்கு வீடு செய்தி அனுப்பும். பன்யாதோ என்பது தலைநகர் அசுன்சியோனின் ஆற்றோரப் பள்ளக் குடியிருப்பு. ஆறு பெருகும்போது அங்குள்ளவர்கள் பலகையையும் தகரத்தையும் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டில் உள்ள பூங்காக்களுக்கு வருவார்கள், வடிந்ததும் போவார்கள். போன முறை தண்ணீர் மதியத் தூக்க நேரத்தில் வந்தது. எலாடியோவின் அக்கா சுனில்தாவின் பக்கத்து வீட்டில், நடக்க முடியாத டோன் சில்வேரியோ கட்டிலோடு பிணமாக மிதந்தார். கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்திருப்பார்கள். தெத்தேயு அந்தக் கட்டிலில் இருந்து பிறந்தது.

ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. மக்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் எந்த நிரலும் முதலில் இயக்ககத்தின் சொந்த எமுலேட்டருக்குச் செய்தி அனுப்பி, ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இயக்ககம் கையெழுத்துப் போட்டால்தான் தொலைபேசி நிறுவனங்கள் நிஜ எண்களுக்கு வழிவிடும். 'உங்களுக்கு ஒரு கார் பரிசு விழுந்திருக்கிறது, கடவுச்சொல்லை அனுப்புங்கள்' என்று ஊரெல்லாம் மோசடிச் செய்திகள் பரவிய காலத்தில், அவற்றை ஒழிப்பதற்காக இயக்ககம் பிறந்தது. அதன் பிறகு மோசடிச் செய்திகள் குறையவில்லை. கட்டடத்தில் மாடிகள் கூடின.

கடைசி ஹாலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதன் முடிவில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கணினி, கணினிக்குள் ஒரு செல்போனின் படம். பெட்டியைச் சுற்றித் தேசியக் கொடியின் மூவர்ணத்தில் நாடா கட்டியிருந்தது.

எதிரே ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து தெரெரே குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குவளையில் மூலிகைத் தழை, ஒரே உறிஞ்சுகுழல், ஐஸ் தண்ணீர். குவளை சுற்றி முடியும் வரை வேலையைப் பற்றிப் பேசுவது நாகரிகம் அல்ல. குவளை சுற்றி முடியவும் இல்லை. எலாடியோ பொறுமையாக நின்றான். ஐஸ் தீர்ந்த பிறகு நடுவில் இருந்தவர் எழுந்து வந்து கைகொடுத்தார். இயக்குநர் எமிக்தியோ கவிலான். வழக்கறிஞர்; அந்த ஊரில் வழக்கறிஞர் என்றாலே டாக்டர்.

"இந்தப் போலி போனோட என் நிரலை இணைக்கணும், டாக்டர்," என்றான் எலாடியோ.

வட்டத்தில் உறிஞ்சும் சத்தம் நின்றது.

"இன்ஜினியர்," என்றார் கவிலான் மெதுவாக. "இந்தக் கட்டடத்துல அந்த வார்த்தைய யாரும் சொல்றதில்ல. போலிய ஒழிக்கத்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் கொடுக்குது. இது தேசிய முன்மாதிரிப் பெறுநர்."

"மன்னிச்சுக்கங்க. அந்தப் பெறுநர்ல..."

"பெறுநருக்கு."

"பெறுநருக்கு ஒரு செய்தி அனுப்பிக் காட்டணும். சின்ன வேலை. என் மடிக்கணினில இருந்து ஒரு கேபிள் போட்டா இப்பவே காட்டிடுவேன்."

கவிலான் கண்ணாடிப் பெட்டியைப் பெருமையோடு பார்த்தார். "சின்ன வேலைன்னு சொல்றீங்க. நான் இதை தினமும் பாக்கறேன். ஜனங்க கையில இருக்கற போனைப் பாருங்க. சார்ஜ் இருக்காது. சேத்துல விழும். ஒருத்தன் பேர்ல வாங்கி இன்னொருத்தன் வச்சிருப்பான். கூப்பிட்டா எடுக்கமாட்டான், எடுத்தா திட்டுவான். இது அப்படியா? ஒரு நாளாவது எதிர்த்துப் பேசியிருக்கா? புகார் கொடுத்திருக்கா? நாட்டுல சட்டத்துக்கு முழுசா கட்டுப்பட்டு நடக்கற ஒரே செல்போன் இதுதான், இன்ஜினியர். மத்த குடிமக்களும் இந்த நிலைக்கு வரணும்ங்கறதுதான் எங்க தொலைநோக்கு."

வட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எலாடியோவும் தட்டினான். அக்கா முகம் கண்முன் வந்தது, தட்டுவதை நிறுத்திக்கொண்டான்.

முதல் சிக்கல், நிரல் வெளியாள் என்பது. கட்டடத்துக்குள் வரும் வெளியாள் எவரானாலும் காவல்துறையிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வர வேண்டும். நிரல் ஆள் இல்லையே என்று எலாடியோ கேட்டான். "அப்ப இன்னும் கவனமா இருக்கணும்," என்றார் கவிலான்.

காவல் நிலையத்தில் சான்றுப் பிரிவு எழுத்தர் சிப்பா ரொட்டியைக் கடித்தபடி விசாரித்தார்.

"பேரு?"

"தெத்தேயு."

"அப்பா பேரு?"

"அது ஒரு கணினி நிரலுங்க. நான்தான் எழுதினேன்."

"அப்பா, எலாடியோ பெனேகாஸ்," என்று எழுத்தர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார். "வயசு?"

"போன கோடையில எழுதினது."

எழுத்தர் மெல்லுவதை நிறுத்தினார். "கைக்குழந்தைக்கு எதுக்குய்யா நன்னடத்தைச் சான்று? என்ன செஞ்சுடுச்சு?" பிறகு இரக்கப்பட்டு, குற்றம் ஏதும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார். "தலையை நேரா புடிச்சு தூக்குங்க. கழுத்து நிக்காத வயசு," என்றார்.

அடுத்த சிக்கல் பெறுநருடையது. நாட்டில் உள்ள ஒவ்வொரு செல்போன் எண்ணுக்கும் உரிமையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இயக்ககமே போட்ட சட்டம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணுக்கு யாரும் இல்லை என்பதை இணைப்புக் கொடுக்கும் நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். இயக்ககம் தன்மீதே வழக்குப் போட வேண்டிய நிலை. ஆலோசனை நடந்தது. முடிவில் பதிவுப் பிரிவில் வேலை பார்த்த டோன்யா ஒபேலியா சனாப்ரியாவை உரிமையாளராக நியமித்தார்கள். அவர் வேதநூலின் மேல் கைவைத்து, தனக்கு வரும் செய்திகளைத் தவறாமல் படிப்பதாகவும், படித்ததற்குக் கையெழுத்திடுவதாகவும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இசைக்குழு வந்திருந்தது. அவர் முடித்து உட்கார்ந்ததும் கைப்பைக்குள் அவருடைய சொந்தப் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஒரு கார் பரிசு விழுந்திருந்தது.

"பாத்தீங்களா," என்றார் கவிலான் எலாடியோவிடம். "வெளியில நிலைமை அவ்வளவு மோசம்."

ஒபேலியாவின் வேலை நேரம் காலை ஏழில் இருந்து பகல் ஒன்று வரை. ஆகவே பெறுநரின் நேரமும் அதுவே.

"ஆறு மத்தியானத்துக்கு மேலயும் ஏறும், டாக்டர்," என்றான் எலாடியோ. "போன தடவை எல்லாரும் தூங்கற நேரத்துலதான் வந்துச்சு."

"ஆறு எப்ப ஏறணும்னு நான் சொல்ல முடியுமா? அந்த அதிகாரம் நமக்கு இல்ல. ஏறினதை ஒரு மணிக்குள்ள தெரியப்படுத்தணும், அவ்வளவுதான்."

பிறகு செய்தியின் வாசகத்தைச் சீர்செய்யக் குழு கூடியது. எலாடியோ எழுதி வைத்திருந்தது: 'தண்ணீர் வருகிறது. குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.'

உளவியல் நிபுணர் 'தண்ணீர் வருகிறது' என்பதில் மிரட்டும் தொனி இருப்பதாகச் சொன்னார். அரசு மரபுமுறை அதிகாரி, அரசாங்கம் ஒரு குடிமகனைப் பார்த்து 'ஓடுங்கள்' என்று சொல்வது இரு தரப்புக்கும் கௌரவம் அல்ல என்றார். அமைச்சகத்தில் இருந்து வந்தவர், அமைச்சரின் பெயர் எங்கே வருகிறது என்று மட்டும் கேட்டார். ஒரு குறுஞ்செய்தியில் அடங்கும் எழுத்துகள் கொஞ்சம்தான் என்று எலாடியோ மன்றாடினான். கடைசியில் வந்த வாசகம் இது:

'மதிப்புமிக்க குடிமகன் அல்லது குடிமகள் அவர்களுக்கு, அமைச்சர் அவர்களின் வாழ்த்துகளுடன்: நீர்மட்டத்தில் சாதகமற்ற போக்கு. தங்கள் உடைமைகளுடன் உயரமான இடத்துக்கு எழுந்தருளவும்.'

அன்று மாலை அக்காவைப் பார்க்கப் போனான். சுனில்தா குதிரைவண்டியில் இருந்து அட்டைகளை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பழைய அட்டை, பாட்டில் பொறுக்கி விற்பது அவள் பிழைப்பு. அவன் வாசித்துக் காட்டிய வாசகத்தைக் கேட்டு முடித்தாள்.

"எழுந்தருளவும்," என்றாள். "இடுப்புத் தண்ணில நானு குதிரையோட எழுந்தருளணும். நல்லா இருக்குடா."

"அனுமதி கிடைச்சதும் மாத்திடுவேன் அக்கா."

"எப்ப கிடைக்கும்?"

"சோதனை ஒண்ணு பாக்கியிருக்கு."

"மேல வடக்க மழை கொட்டுதுன்னு மீன்காரங்க சொல்றாங்க. அந்தப் பாழாப்போன டப்பாக்கு உன் சேதி போய்ச் சேருதா இல்லையா?"

"சேருது. என் வீட்டுல எப்பவோ சேந்துடுச்சு."

"அப்ப அவங்க எதைத்தான் சோதிக்கறாங்க? உன்னையா?"

அவள் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எபிபானியா கிழவிக்கு இடுப்பெலும்பு ஒடைஞ்சு கெடக்கு. சில்வேரியோ பொண்டாட்டி. அந்த வீட்டுக்கு ஒண்ணு போதும்டா எலாடியோ. ரெண்டாவது வேண்டாம்."

சோதனை நடந்தது. கேபிள் இணைத்தார்கள். இணைப்பு விழாவுக்கென்று ரிப்பன் கட்டி, கவிலான் கத்தரிக்கோலோடு வந்து, பதற்றத்தில் கேபிளை வெட்டிவிட்டார். வேறு கேபிள் வந்தது. எலாடியோ விசையைத் தட்டினான். திரைக்குள் இருந்த செல்போன் கணீரென்று ஒலித்தது. செய்தி எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். டோன்யா ஒபேலியா தெரெரே வட்டத்தில் இருந்தார். குவளை அப்போதுதான் அவர் கைக்கு வரவிருந்தது. அதை விட்டு எழுவது மற்றவர்களுக்கு அவமரியாதை. அவர் குடித்து, குவளையைத் திருப்பிக் கொடுத்து, பெட்டிக்கு வந்து பார்த்தபோது திரை அணைந்திருந்தது. படிக்காததற்குக் கையெழுத்திடமாட்டேன் என்றார். உறுதிமொழி எடுத்தவர்.

"செய்தி போய்ச் சேரவில்லை," என்று கவிலான் அறிவித்தார்.

"சேந்துச்சு டாக்டர். எல்லாரும் பாத்தீங்க. கைதட்டினீங்க."

"நாங்க தட்டினது இணைப்புக்கு. செய்திங்கறது வேற. யோசிச்சுப் பாருங்க, இன்ஜினியர். ஒருத்தருக்கு 'மேட்டுக்குப் போ'ன்னு செய்தி வருது. அவர் போகல. அப்ப செய்தி சேந்துச்சுன்னு எந்த முகத்தோட சொல்லுவீங்க? பெறுநர் செய்தியில சொன்னபடி நடந்தாத்தான் அது சேந்த செய்தி. இதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

இப்படியாக, பெறுநர் செய்திக்குக் கீழ்ப்படிய வசதி செய்து தர வேண்டும் என்று முடிவானது. வெள்ள நிவாரணத் துறைக்கு ஓலை போனது. அங்கே ஓடும் நிலையில் இருந்த லாரி ஒன்றுதான். மற்றது டயர் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. ஓடும் லாரி சார்ஜென்ட் மரேக்கோஸ் என்ற ஓட்டுநரோடு இயக்ககத்தின் முற்றத்துக்கு வந்து, மாமரத்தடியில் நின்றது. சோதனை முடியும் வரை அது வேறெங்கும் போகக் கூடாது என்று உத்தரவு.

மீன்காரர்கள் சொன்னது பொய்யாகவில்லை. வடக்கே பெய்த மழை ஆற்றோடு இறங்கி வந்துகொண்டிருந்தது. எலாடியோ ஒவ்வொரு காலையும் ஹாலில் உட்கார்ந்து தன் மடிக்கணினியில் பாலத்தின் மட்டத்தைப் பார்த்தான். கோடு ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நண்பகலில் எழுந்து கவிலானிடம் போனான்.

"டாக்டர், பன்யாதோ ஆளுங்களோட நம்பரெல்லாம் அக்கா சேத்துக் கொடுத்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவங்களுக்கும் அனுப்ப விடுங்க. ஆறு கரை தாண்டப் போகுது."

"சோதனைக் காலத்துல பெறுநர் ஒருத்தர்தான். இன்னொருத்தரைச் சேத்தா முடிவு கலங்கிடும்."

"அவங்கதான் தண்ணில இருக்காங்க!"

"அதனாலதான் சொல்றேன். தண்ணில இருக்கறவங்க நடுநிலையா இருக்க முடியாது. நம்ம பெறுநருக்கு வெள்ளத்துல எந்த சொந்த லாபமும் இல்ல. அது சொல்ற சாட்சியத்தை நம்பலாம்."

கவிலான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே தெத்தேயு தானாகக் கத்தியது. கோடு குறியைத் தாண்டிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் மணி ஒலித்தது. நண்பகல் தாண்டியிருந்தது, ஒரு மணி ஆகவில்லை. டோன்யா ஒபேலியா இம்முறை பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தார். படித்தார். கையெழுத்திட்டார்.

"உடைமைகளுடன் உயரமான இடத்துக்கு எழுந்தருளவும்," என்று உரக்க வாசித்தார்.

"கேட்டீங்களா!" என்று கூவினார் கவிலான். "பெறுநரை மீட்டெடுங்க!"

எலாடியோ அதற்குள் அக்காவைப் போனில் கூப்பிட்டிருந்தான். அவளுக்குப் பின்னால் கூச்சலும் நாய்க் குரைப்பும் கேட்டன.

"அக்கா, தண்ணி..."

"தண்ணியே வந்து சொல்லிடுச்சுடா, நீ வேற! வீட்டுக்குள்ள முழங்கால். வண்டி அச்சு முறிஞ்சு கெடக்கு. கிழவிய மேசை மேல படுக்க வச்சிருக்கோம். நிவாரண ஆபீசுக்கு போன் பண்ணினா லாரி இல்லைங்கறான். ஒரே லாரி, அது எங்கயோ கெவுருமெண்டு வேலையா போயிருக்காம். எங்கன்னு கேட்டுச் சொல்லு, நான் போய் அவன் சட்டையப் புடிக்கறேன்."

அவன் ஜன்னல் வழியே பார்த்தான். மாமரத்தடியில் லாரியின் பின்பலகையைத் திறந்து, கண்ணாடிப் பெட்டியை ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீறல் விழாமல் இருக்கப் போர்வை சுற்றியிருந்தார்கள். ஒருவர் குடை பிடித்தார். புகைப்படக்காரர் லாரிக்கு முன்னால் பின்பக்கமாக ஓடினார். எலாடியோ கவிலானிடம் ஓடினான்.

"டாக்டர், லாரியைப் பன்யாதோவுக்கு அனுப்புங்க. கெஞ்சிக் கேக்கறேன். கிழவி ஒருத்தி மேசை மேல கெடக்கறா."

"அவங்க நம்பர் பதிவாகியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அவங்களுக்கு வெள்ளம் வந்திருக்கறதா எனக்கு அதிகாரப்பூர்வமா எப்படித் தெரியும்?" கவிலான் அவன் தோளைத் தட்டினார். "இணைப்பு அறுந்துடக் கூடாது. கேபிளோட நீங்களும் ஏறுங்க. மலை மேல அமைச்சகத்தோட விருந்தினர் மாளிகை தயாரா இருக்கு."

லாரியின் பின்புறம் மூன்று பேர் இருந்தார்கள்: பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த பெறுநர், அதன் உரிமையாளர் ஒபேலியா, மடிக்கணினியை மடியில் வைத்த எலாடியோ. கவிலான் புகைப்படக்காரரோடு தன் காரில் முன்னே போனார். மழை வலுத்தது. நகரத்தின் மேட்டுத் தெருக்களில் தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. லாரி எதிர்த்திசையில் ஏறியது.

எலாடியோவின் கையில் கேபிளின் ஒரு முனை இருந்தது. மறுமுனை பெட்டிக்குள் போனது. நிரல் சொல்வதைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேபிளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அவன் தன் கையாலேயே ஒரு செய்தியைத் தட்டினான்.

பெட்டிக்குள் மணி ஒலித்தது.

டோன்யா ஒபேலியா அவன் தட்டியதைப் பார்த்திருந்தார். அவன் முகத்தையும் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போர்வையை விலக்கிப் படித்தார்: 'தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பாதுகாப்பான இடம்: பன்யாதோ, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கால்பந்துத் திடல். உடனே எழுந்தருளவும்.' கையெழுத்திட்டார். மழையில் மை கரைந்தது. மறுபடி அழுத்திப் போட்டார்.

ஓட்டுநர் அறையின் தகரத்தைத் தட்டினார். "சார்ஜென்ட்! வண்டியத் திருப்புங்க. பன்யாதோவுக்கு."

"அது முழுகிக்கெடக்கு டோன்யா!"

"செய்தி வந்திருக்கு. சேந்துடுச்சுன்னு கையெழுத்தும் போட்டாச்சு. போகலைன்னா சேராததா ஆயிடும். நீங்க வந்து டாக்டருக்குப் பதில் சொல்லுவீங்களா?"

லாரி திரும்பியது. கவிலானின் கார் அதைக் கவனிக்காமல் மலை ஏறிப் போயிற்று.

திடலில் கோல்கம்பங்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. தேவாலயப் படிகளில் சனங்கள் நின்றிருந்தார்கள்: பிள்ளைகள், மெத்தைகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, கோழிக்கூடை. சுனில்தா மார்பளவுத் தண்ணீரில் வந்து பின்பலகையைப் பிடித்தாள்.

"வந்தியாடா! அந்தக் கண்ணாடிக்குள்ள யாரு, புனிதரா?"

"யாரும் இல்ல அக்கா. அதான் அந்த டப்பா."

"இதையா தூக்கிட்டுத் திரியறீங்க? எறக்குங்கடா தண்ணில!"

"அது அரசாங்கச் சொத்தும்மா, எறக்கக் கூடாது," என்றார் ஒபேலியா. "அது மேல மத்ததை ஏத்தி வைக்கறதைப் பத்தி சட்டத்துல ஒண்ணும் சொல்லல."

முதலில் எபிபானியாவை மேசைப் பலகையோடு தூக்கி ஏற்றினார்கள். கிழவி வலியில் சார்ஜென்ட்டின் வம்சத்தையே திட்டினாள். பிள்ளைகளைக் கைமாற்றி ஏற்றினார்கள்; கண்ணாடிப் பெட்டியின் உச்சியில் இரண்டு பேர் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை. சுனில்தா கண்ணாடிக் கதவைத் திறந்து, கணினியை ஒரு பக்கம் தள்ளி, கோழிகளை உள்ளே விட்டுச் சாத்தினாள். லாரி அன்று இருட்டும்வரை போய்ப் போய் வந்தது. ஒருவரும் சாகவில்லை. வீடுகள் போயின.

விசாரணை, பெறுநர் பழுது நீங்கித் திரும்பிய பிறகு நடந்தது. கணினியின் விசைகளில் இருந்து கோழி எச்சத்தைச் சுரண்டி எடுக்க வல்லுநர் ஒருவர் வர வேண்டியிருந்தது. எதிரே உள்ள பூங்காவில் பன்யாதோக்காரர்கள் தகரம் அடிக்கும் சத்தம் ஹாலுக்குள் கேட்டது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார் கவிலான்.

அவர் முகத்தில் கோபம் இல்லை, அப்படியொரு பூரிப்பு இருந்தது. "மோசடிச் செய்திகளைப் பிடிக்க இந்த இயக்ககம் உண்டாச்சு," என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். "எங்களைக் கேலி பேசினாங்க. ஒண்ணையாவது பிடிச்சீங்களான்னு கேட்டாங்க. இன்னிக்குப் பிடிச்சிருக்கோம்."

பிறகு எலாடியோவைப் பார்த்தார். சுருக்கெழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"பதிவு பெற்ற பெறுநர் ஒருவருக்கு, பாதுகாப்பான இடம் ஒதுக்கப்பட்டதா நீங்க செய்தி அனுப்பினீங்க. சரியா?"

"அனுப்பினேன்."

"அந்த இடம் அப்ப தண்ணிக்குள்ள இருந்துச்சு."

"இருந்துச்சு. அங்க நாப்பது குடும்பம் இருந்துச்சு, டாக்டர்."

"அவங்களுக்கு நீங்க செய்தி அனுப்பல. அதனால இந்த வழக்குல அவங்க இல்ல. நேரா பதில் சொல்லுங்க. நீங்க சொன்ன எடத்துல, அந்த நேரத்துல, உயரமான இடம்னு ஏதாவது இருந்துச்சா, இல்லையா?"

எலாடியோ சாத்திய ஜன்னலைப் பார்த்தான்.

"லாரி வர்ற வரைக்கும் இல்ல," என்றான்.

கவிலான் சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பினார். "'இல்லை' என்று ஒப்புக்கொண்டார்," என்றார். "அதோட நிறுத்திக்கங்க."